நிமிடம் விற்கும் தம்பி, பாடம் நடத்தும் அக்கா

தலையில் ஒரு கருவியை மாட்டினால் வேறொரு உலகம் தெரியும் என்ற வாக்குறுதி புதியதல்ல. 1990களின் தொடக்கத்திலேயே பிரிட்டனின் வர்ச்சுவாலிட்டி நிறுவனம் பொழுதுபோக்குக் கூடங்களில் ராட்சத ஹெல்மெட் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. 1997இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. இரண்டாவது அலை 2016இல் எழுந்தது. ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் இரண்டும் அந்த ஆண்டுதான் கடைக்கு வந்தன. அடுத்த ஆண்டு ஐமேக்ஸ் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸில் தனது முதல் வி.ஆர். மையத்தைத் திறந்தது. சுமார் இரண்டே ஆண்டுகளில் அந்தத் திட்டத்தையே மூட்டை கட்டியது. இந்த ஏற்ற இறக்கங்களில் ஹெட்செட்டைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஹெட்செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை நிமிடம், எந்த விளையாட்டு, எவ்வளவு கட்டணம் என்று கணக்கு வைக்கும் நிர்வாக சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு.

புனேயில் ஒரு குடும்பத்தில் சில மாதங்களாக அதைத் தவிர வேறு பேச்சில்லை. தம்பி ஒரு மாலின் மூன்றாவது தளத்தில் எட்டு ஹெட்செட்டுகளோடு விளையாட்டுக் கூடம் நடத்துகிறார். வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. அக்கா ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நாற்பது ஹெட்செட்டுகளோடு ஒரு வி.ஆர். வகுப்பறை அமைக்கப் பள்ளி நிர்வாகம் தீர்மானித்து, கொள்முதல் குழுவின் பொறுப்பை அவர் தலையில் கட்டியது. இருவரும் ஒரே பருவத்தில் சாஃப்ட்வேர் வாங்க வேண்டிய நிலை. இருவரிடமும் வந்த விற்பனைப் பிரதிநிதிகள் காட்டிய திரையும் ஏறக்குறைய ஒன்றுதான்: வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஹெட்செட்டின் பெயர், பக்கத்தில் பச்சைப் புள்ளி.

இது தற்செயலல்ல. ஆர்கேட் சாஃப்ட்வேரும் வகுப்பறை சாஃப்ட்வேரும் பங்காளிகள். அமெரிக்காவில் ஆர்கேட் உரிமையாளர்களிடையே பிரபலமாக இருந்த ஸ்பிரிங்போர்டு வி.ஆர். நிறுவனத்தை நெதர்லாந்தின் வெர்டிகோ கேம்ஸ் வாங்கியது. அதைத் தொடங்கியவர்கள் அடுத்து ஆர்பர் எக்ஸ்.ஆர். என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கம்பெனிகளிலும் பள்ளிகளிலும் உள்ள ஹெட்செட்டுகளை நிர்வகிக்கும் சாஃப்ட்வேரைச் செய்தார்கள். விளையாட்டுக் கடையில் படித்த பாடம் வகுப்பறைக்குப் போனது. ஆனால் கடை வேறு, வகுப்பு வேறு என்பதை அந்தப் பச்சைப் புள்ளிகள் சொல்வதில்லை.

தம்பிக்கு இந்த வியாபாரத்தின் அரிச்சுவடி தெரியும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்ததற்குச் சில ஆண்டுகள் கழித்து அவர் ஒரு சைபர் கஃபே வைத்திருந்தார். மேஜைக்கு மேஜை நேரம் ஓடுவதைக் காட்டும் டைமர் சாஃப்ட்வேர்தான் அப்போது கல்லாப்பெட்டி. கைக்குக் கை மொபைல் வந்ததும் கஃபே போய்விட்டது. ஆனால் நிமிடத்தை விற்பவன் நிமிடத்தை யார் எண்ணுகிறார் என்று பார்க்க வேண்டும் என்ற புத்தி மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

பிரதிநிதி போன பிறகு அவர் போட்ட கணக்கு எளிமையானது. கடை காலை 11 முதல் இரவு 9 வரை, அதாவது 600 நிமிடம். ஒரு ஆட்டம் 20 நிமிடம், கட்டணம் ரூ. 300. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஹெட்செட்டைத் துடைக்க, அடுத்தவருக்கு மாட்ட, பட்டையை இறுக்க, விளையாட்டைத் துவக்க 10 நிமிடம். ஆக, ஒரு ஹெட்செட்டில் நாளுக்கு 20 பேர். நல்ல சாஃப்ட்வேர் கவுண்டரிலிருந்தே எல்லாவற்றையும் துவக்கி அந்த 10 நிமிடத்தை 6 ஆக்கினால், 23 பேர். எட்டு ஹெட்செட்டுக்கு 24 பேர் கூடுதல், நாளுக்கு ரூ. 7,200. மாதம் முழுவதும் இப்படியே என்றுதான் பிரதிநிதியின் காகிதம் சொன்னது. தம்பி அதில் ஒரு கோடு போட்டார். சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஹெட்செட்டுகள் ஆளில்லாமல் தொங்குகின்றன. காலியாக இருக்கும் கடையில் நான்கு நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்வது? மாதத்தில் எட்டு நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டால் லாபம் அதிகபட்சம் ரூ. 57,600. அதுவும் அந்த எட்டு நாட்களும் வரிசை நின்றால்தான். சாஃப்ட்வேர் வாடகையோ திங்கள்கிழமைக்கும் சேர்த்துத்தான்.

எனவே அவருடைய முதல் கேள்வி வசதிகளைப் பற்றியதல்ல. வாடகை ஹெட்செட்டுக்கு மாதக் கணக்கிலா, விளையாடிய நிமிடக் கணக்கிலா? இந்தத் தொழிலில் இரண்டு வழக்கமும் உண்டு. வீட்டில் விளையாட வாங்கிய விளையாட்டைக் கடையில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிட முடியாது; அதற்கு வணிக உரிமம் தனி. அந்த உரிமத்தை நிமிடக் கணக்கில் தருவதும், அந்தப் பணத்தைக் கணக்கிட்டு விளையாட்டைத் தயாரித்தவருக்குச் சேர்ப்பதும் இத்தகைய சாஃப்ட்வேரின் முக்கிய வேலை. நிமிடக் கணக்கு சிறிய கடைக்காரருக்கு நல்லது, மழை நாளில் நஷ்டம் குறையும். ஆனால் மீட்டர் எப்போது ஓடத் தொடங்குகிறது? ஆட்டம் தொடங்கியதுமா, விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் திரை வந்ததுமா? சிறுவன் தலைசுற்றி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டால் மீட்டர் நிற்குமா? ஆட்டோ மீட்டரைப் பற்றிக் கேட்பது போன்ற கேள்விகள்தான். பல பிரதிநிதிகளிடம் இதற்குப் பதில் தயாராக இல்லை.

இரண்டாவது கேள்விக்கு ஒரு தேதி ஆதாரமாக இருக்கிறது. 2018 மார்ச் 7 அன்று உலகம் முழுவதும் ஆக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டுகள் வேலை செய்யாமல் நின்றன. கருவியில் கோளாறில்லை. அதை இயக்கும் சாஃப்ட்வேரின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் 15 டாலர் வரவு வைத்தது. வீட்டில் ஆடுபவருக்கு அது ஓர் ஏமாற்றம். அந்தக் கருவியை நம்பிக் கடை நடத்தியவருக்கு ஒரு நாள் வருமானம். 2024 டிசம்பரிலும் ஒரு அப்டேட் சில மெட்டா குவெஸ்ட் ஹெட்செட்டுகளை முடக்கிப்போட்டது. இன்னொரு பக்கம், மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் தனது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியைக் கைவிடுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து அதை எடுத்தேவிட்டது. அதை நம்பி வாங்கிய ஹெட்செட்டுகள் அந்தப் பதிப்பில் அப்போது வெறும் தலைக்கவசங்களாயின.

ஆகவே, நல்ல நிர்வாக சாஃப்ட்வேர் செய்ய வேண்டியது அப்டேட்டைக் கொண்டுவருவது மட்டுமல்ல, தடுத்து நிறுத்துவதும்தான். முதலில் ஒரு ஹெட்செட்டில் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மற்ற ஏழுக்கும் அனுப்ப முடியுமா? மாலில் இன்டர்நெட் போனால், நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் தொடருமா? தம்பி இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பிரதிநிதி முன்னாலேயே ரூட்டரின் ஒயரைப் பிடுங்கினார். அவர் பார்த்த மூன்று சாஃப்ட்வேர்களில் ஒன்று மட்டுமே பதறாமல் ஓடியது. மற்ற இரண்டின் பச்சைப் புள்ளிகள் சிவப்பாயின.

அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வேறு. அவருடைய நாணயம் ரூபாய் அல்ல, நாற்பது நிமிட பீரியட். நாற்பது பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் பட்டையைச் சரிசெய்து, கண்ணாடி போட்டவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆனாலும் மணி அடித்துவிடும். 'ஒரே கிளிக்கில் நாற்பது ஹெட்செட்டிலும் பாடம் தொடங்கும்' என்பது உண்மைதான். அந்த ஒரு கிளிக்குக்கு முந்தைய முப்பது நிமிடத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரியும் இல்லை.

பள்ளியின் இன்டர்நெட் இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். ஒரு பாடத்தின் அளவு 2 ஜி.பி. என்றால் நாற்பது ஹெட்செட்டுக்கு 80 ஜி.பி. அலுவலகத்தில் ஒருவர்கூட ஒரு மின்னஞ்சலும் பார்க்காமல் இருந்தால்கூட, அது இறங்கி முடிய ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அக்காவின் கேள்வி: பாடத்தை ஒரு முறை இறக்கிப் பள்ளிக்குள்ளேயே பகிர வழி உண்டா? இரவில் தானாக இறங்குமா? ஒவ்வொரு பிள்ளையும் என்ன பார்க்கிறது என்பதை ஆசிரியரின் டேப்லட்டில் காட்ட முடியும் என்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேருடையதை? பாட்டரியும் ஒரு பிரச்னை. குவெஸ்ட் 2 போன்ற ஹெட்செட்டுகள் இரண்டு முதல் மூன்று மணி நேரம் தாங்கும். காலையில் மூன்று வகுப்பு நடத்தினால் மதியம் நான்காவது வகுப்புக்குச் சார்ஜ் இருக்காது. எந்தக் கருவியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று முந்தைய இடைவேளையிலேயே சொல்லும் சாஃப்ட்வேர்தான் பள்ளிக்கு உதவும்.

அவரை அதிகம் யோசிக்க வைத்தது கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸின் கதை. 2015இல் அறிமுகமான அந்தத் திட்டத்தில், அட்டைப்பெட்டி போன்ற மலிவான கருவியில் மொபைலைச் செருகி, ஆசிரியர் ஒரு டேப்லட்டிலிருந்து வழிகாட்ட, வகுப்பு முழுவதும் பவளப் பாறைகளுக்கும் பழைய கோட்டைகளுக்கும் போய்வந்தது. வி.ஆர். வகுப்பறைக்கு அதைவிட எளிய வடிவம் வந்ததில்லை எனலாம். 2021 ஜூன் 30 அன்று கூகுள் அந்த ஆப்பை நிறுத்தியது. காட்சிகள் பலவற்றைக் கூகுளின் கலை, பண்பாட்டுத் தளத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஆசிரியர் முன்னே போக மாணவர்கள் பின்னே போகும் அந்த வசதி போய்விட்டது. அதைச் சுற்றிப் பாடத் திட்டம் எழுதிய ஆசிரியர்கள் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கூகுளே நிறுத்தலாம் என்றால் யாரும் நிறுத்தலாம். "நீங்கள் கடையை மூடினால் எங்கள் பாடங்கள் எங்கே போகும்?" என்று அக்கா கேட்டபோது, "அப்படி நடக்காது மேடம்" என்றார் பிரதிநிதி. அந்தப் பதிலுக்கு அக்கா பூஜ்யம் மதிப்பெண் போட்டார்.

வயதும் ஒரு சிக்கல். சோனி தனது வி.ஆர். கருவி 12 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது. மெட்டா 13 என்று வைத்திருந்த வரம்பை 2023இல் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்குக்கு 10 ஆகக் குறைத்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கும் கீழே. வகுப்புவாரியாக ஹெட்செட்டைப் பூட்டிவைக்க சாஃப்ட்வேரில் இடமிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதற்கு முன் பள்ளி ஒரு முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எந்த சாஃப்ட்வேரும் எடுத்துத் தராது.

பிரதிநிதி மிகுந்த பெருமையோடு காட்டியது வேறொன்று. பிள்ளை எந்தப் பக்கம் தலையைத் திருப்பியது, எதை எத்தனை விநாடி பார்த்தது என்று நிறம் பூசிக் காட்டும் வரைபடம். கவனக் குறியீடு என்று அதற்குப் பெயர். பெயர் தெரியாமல்தான் சேமிக்கிறோம், பயம் வேண்டாம் என்றார். இங்கேதான் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 511 பேர் வி.ஆர். வீடியோ பார்க்கும்போது அவர்கள் தலையும் கையும் அசைந்த விதத்தை மட்டும் கொண்டு, ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த பதிவிலிருந்து 95 சதவீதம் சரியாக ஆளைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர். 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இன்னும் பெரிய வலை வீசினார்கள். பீட் சேபர் என்ற விளையாட்டை ஆடிய 55,000க்கும் அதிகமானோரில், 100 விநாடி அசைவைக் கொண்டு 94 சதவீதம் சரியாக ஆளைப் பிரித்தெடுக்க முடிந்தது. பெயரை நீக்கினாலும் நடை காட்டிக்கொடுக்கும். கைரேகை போல அசைவு ரேகை.

அன்றிரவு அக்கா இதைச் சொன்னபோது தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கடையில் அதிகம் ஓடுவதே பீட் சேபர்தான். பிள்ளைகளின் தனியுரிமை பள்ளிக்கூடத்து விவகாரம் என்று அதுவரை நினைத்திருந்தார். ஆனால் சனி, ஞாயிறு வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். பிறந்தநாள் விழாக்கள்தான் அவருடைய வாழ்வாதாரம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்ட அனைவரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கத்தக்க வகையில் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது. மீறினால் அபராதம் ரூ. 200 கோடி வரை போகலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகள் கல்வி நிறுவனங்களுக்குக் கல்விப் பணிகள், மாணவர் பாதுகாப்பு ஆகிய அளவில் விலக்கு தருகின்றன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அறிவிப்பிலிருந்து 18 மாத அவகாசமும் தந்தன. விளையாட்டுக் கூடம் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. எது தன் பிரச்னை இல்லை என்று தம்பி நினைத்தாரோ, அதில் அக்காவைவிட அவருக்குத்தான் பொறுப்பு அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சைபர் கஃபேக்காரர்கள் வந்துபோனவரின் விவரத்தைக் குறைந்தது ஓராண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்றன 2011ஆம் ஆண்டு விதிகள். அன்று அந்தத் தொழிலுக்குச் சட்டம் சொன்னது 'எழுதி வை' என்று. இன்று பிள்ளைகள் விஷயத்தில் சொல்வது 'எழுதாதே' என்று. ஆனால் சாஃப்ட்வேர் தயாரிப்பாளர்கள் எல்லாவற்றையும் எழுதிவைப்பதைத்தான் சிறப்பம்சமாக விற்கிறார்கள். வாடிக்கையாளர் பதிவு, புகைப்படம், பிறந்த தேதி, மொபைல் எண், அடுத்த பிறந்தநாளுக்கு வாழ்த்துச் செய்தி எல்லாம் உண்டு. எவற்றையெல்லாம் அணைத்துவைக்க முடியும் என்ற பட்டியலைத் தம்பி கேட்டபோது, அப்படி ஒரு பட்டியலை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று பதில் வந்தது.

யாரும் கேட்பதில்லை என்பது புனேயின் குறை மட்டுமல்ல. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கை, அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் நடந்த ஒரு கணக்கெடுப்பைச் சுட்டுகிறது. வாங்குவதற்கு முன் ஆய்வு ஆதாரம் கேட்டவர்கள் 11 சதவீதம் மட்டுமே. பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தியவை 7 சதவீதம். திரையில் தெரிவதை வைத்து வாங்குவதுதான் உலக வழக்கம்.

இருவரும் கடைசியில் சோதித்த முறை ஒன்றே. செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, ஒரே ஒரு ஹெட்செட்டோடு, பிரதிநிதியே இயக்கிக் காட்டும் டெமோவை ஏற்பதில்லை. தம்பி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, ஒரு பிறந்தநாள் கும்பலுக்கு நடுவே சாஃப்ட்வேரை ஓடவிட்டார். இயக்கியது அவரல்ல, கடையில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பையன். எட்டுக் குழந்தைகளுக்கு மாட்டி, துடைத்து, கழற்றும் கைகள் அவனுடையவைதான். விலை ஒப்பீட்டு அட்டவணையில் இல்லாத ஒரு குறையை அவன்தான் கண்டான். ஒரு குழந்தைக்குக் குமட்டினால் அந்த ஒரு ஹெட்செட்டை மட்டும் உடனே நிறுத்த மூன்று திரைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. துடைப்பதற்கு ஈரக்கையோடு நிற்பவனுக்கு மூன்று திரை என்பது மிக அதிகம். ஒரே தட்டில் நிற்கும் சாஃப்ட்வேருக்கு அன்றே மதிப்பெண் கூடியது.

அக்கா தன் சோதனையை எட்டாம் வகுப்பில், மதிய உணவுக்குப் பிந்தைய பீரியடில் நடத்தினார். கம்ப்யூட்டர் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, மொபைலில் வாட்ஸ்அப் தவிர எதையும் தொடாத ஒரு மூத்த ஆசிரியையிடம் டேப்லட்டைக் கொடுத்தார். பாடம் தொடங்க 19 நிமிடம் பிடித்தது. ஆனால் தொடங்கிய பிறகு, ஒரு காந்தத்தைச் சுற்றி விசைக் கோடுகள் முப்பரிமாணத்தில் விரிந்தபோது, வழக்கமாகப் பேசாத இரண்டு பெண்கள் அதனுள்ளே நடந்து போய்க் கேள்வி கேட்டார்கள். இந்த இரண்டையும் அக்கா அறிக்கையில் எழுதினார். பத்தொன்பது நிமிடத்தையும் மறைக்கவில்லை, அந்தக் கேள்விகளையும் மறைக்கவில்லை. காந்தப்புலம், மூலக்கூறின் வடிவம், கோள்களின் தூரம் போன்ற கண்ணுக்கு எட்டாத பாடங்களுக்கு ஹெட்செட் தேவை. ஓம் விதிக்கு ஒரு பாட்டரியும் கொஞ்சம் ஒயரும் போதும் என்று பிரித்தார்.

அவருடைய பரிந்துரை நிர்வாகத்துக்கு இனிக்கவில்லை. நாற்பது வேண்டாம், பத்து போதும். பத்துப் பேர் ஹெட்செட்டில் இருக்க, மற்றவர்கள் மேஜையில் அதே பாடத்தைக் கையால் செய்யட்டும். ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு அல்ல, ஓராண்டுக்கு. மாணவர் பெயருக்குப் பதில் ஹெட்செட் எண். கவன வரைபடம் முழுவதும் அணைப்பு. சட்டம் விலக்கு தந்தாலும் கூட. மிச்சமாகும் பணத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையில் மாட்டியிருக்கும் படம்தான் அட்மிஷன் விளம்பரத்துக்கு வேண்டும் என்று அறங்காவலர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் படத்தில் பிள்ளைகளின் முகம் எதுவும் தெரியாதே என்று அக்கா பதில் சொன்னார். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு பன்னிரண்டில் முடிந்தது பேரம்.

தம்பி நிமிடக் கணக்குக்கு ஒத்துக்கொண்ட, ஒயரைப் பிடுங்கியும் நிற்காத சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தார். அழகில் அது மூன்றாவது. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லி ஒரு வாரம் மல்லுக்கட்டினார்: விலகும்போது கடையின் கணக்குகளை எல்லாம் படிக்கக்கூடிய வடிவில் தந்துவிட வேண்டும்; தந்த முப்பது நாளில் தங்கள் பக்கம் உள்ளதை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை அவர் அக்காவுக்கு அனுப்பினார். பள்ளியின் கொள்முதல் கோப்பில் இப்போது அதுதான் முதல் நிபந்தனை.